மண்ணீரலுக்குக் கரண்ட் வைக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

என் அப்பா அருப்புக்கோட்டையில் ஐம்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். 76 வயதில் ஒரு நாள், வேட்டியை இடுப்பில் கட்ட முடியவில்லை என்றார். தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே தொடங்கி, தொப்புளையும் தாண்டிக் கல் போல ஏதோ இறங்கியிருந்தது. இரண்டு இட்லி உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்டது என்று கை கழுவிவிடுவார். வாயுத் தொல்லை என்று நினைத்து மூன்று மாதம் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

அது மண்ணீரல். நல்ல நிலையில் அதன் எடை 150 முதல் 200 கிராம் வரைதான் இருக்கும். விலாவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும், கைக்குத் தட்டுப்படாது. அப்பாவுக்கு வந்திருந்தது பி-செல் புரோலிம்போசைட்டிக் லுக்கேமியா என்ற மிக அரிதான ரத்தப் புற்றுநோய். இங்கிலாந்து மருத்துவர் டேவிட் கால்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974ஆம் ஆண்டு இந்த நோயை விரிவாக எழுதிவைத்தார்கள். ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட் என்ற வகை வெள்ளையணுக்களில் 55 சதவீதத்துக்கு மேல் புரோலிம்போசைட் என்ற பெரிய அணுக்களாக இருந்தால் இந்தப் பெயரைச் சொல்வார்கள். கழுத்திலும் அக்குளிலும் பெரிதாக நெறி கட்டாது. மண்ணீரல் மட்டும் பானை போல வீங்கும். வெள்ளையணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிப் போகும். அப்பாவுக்கு 1,86,000 இருந்தது.

மண்ணீரலை அறுத்து எடுக்க அவருடைய இதயம் இடம் கொடுக்கவில்லை. துடிப்பு ஏற்கெனவே ஒழுங்கில்லாமல் இருந்தது. அதனால் இந்த நோய்க்கு இப்போது கொடுக்கப்படும் இப்ருடினிப் மாத்திரையும் அவருக்கு ஒத்துவராது என்றார் டாக்டர் அம்மா. அது துடிப்பை மேலும் குழப்பக்கூடும், ரத்தக்கசிவையும் கூட்டும். மிச்சமிருந்த வழி மண்ணீரலுக்குக் கரண்ட் வைப்பது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். மருத்துவமனைப் பலகையில் கதிர்வீச்சு சிகிச்சை என்று எழுதியிருக்கும்.

நான் ஒரு கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். மருத்துவம் படித்தவள் அல்ல. மதுரைக்கு வாரம் இரண்டு முறை அப்பாவை அழைத்துப் போய் வந்ததில் எனக்குத் தெரிந்ததை, இனிமேல் அழைத்துப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

"இது நோயைக் குணமாக்குமா, தொல்லையைக் குறைக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: குணமாக்காது, வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், சாப்பிட விடும், சில மாதங்கள் தாங்கும், தேவைப்பட்டால் மறுபடி வைக்கலாம். முதலில் பார்த்த வேறொரு இடத்தில் "கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பி அப்பா தறியை விற்க வேண்டாம் என்று வைத்திருந்தார். உண்மையை முன்பே சொல்லியிருந்தால் அவரே தன் காரியங்களை இன்னும் நிதானமாக முடிவு செய்திருப்பார்.

அடுத்த கேள்வி அளவைப் பற்றியது. கரண்ட் என்றதும் உறவுக்காரர்கள் தோல் கருகிப்போகும், முடி கொட்டிப்போகும் என்று பயமுறுத்துவார்கள். தொண்டைப் புற்றுநோய்க்கு வைக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரம் 5 நாள், மொத்தம் 60, 70 கிரே வரை போகும். மண்ணீரலுக்கு ஒரு முறைக்குக் கால் கிரேயிலிருந்து ஒரு கிரே வரைதான். வாரம் ஒன்றிலிருந்து மூன்று முறை. மொத்தம் பெரும்பாலும் 10 கிரேக்குள் அடங்கிவிடும். அப்பாவுக்கு முறைக்கு அரை கிரே, திங்களும் வியாழனுமாக 10 முறை என்று திட்டம் போட்டார்கள். இந்த அளவுக்குத் தோல் கருகாது. வயிற்றுக்கு வைப்பதால் தலைமுடி கொட்டாது.

இது நேற்று வந்த வைத்தியமும் அல்ல. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். 1903ஆம் ஆண்டிலேயே சிகாகோவின் அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென், லுக்கேமியா நோயாளி ஒருவருக்கு எக்ஸ் கதிர் வைத்துப் பலன் கண்டதை எழுதியிருக்கிறார். மருந்துகள் வந்த பிறகு இதன் தேவை குறைந்தது. அப்பாவைப் போல மருந்து தாங்க முடியாதவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

ஒற்றைச் சிறுநீரகம்தான் வேலை செய்கிறது என்றாலோ, முன்பு வேறு எதற்காவது வயிற்றிலோ மார்பிலோ கரண்ட் வைத்திருந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ, கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். மண்ணீரலுக்குப் பக்கத்திலேயே இடது சிறுநீரகம், இரைப்பை, நுரையீரலின் அடிப்பகுதி எல்லாம் இருக்கின்றன.

பணத்துக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் மேசையில் முதல் நாளே பதிந்துகொள்ளுங்கள். அட்டை இல்லாவிட்டால் குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். தூரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு. படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். இதற்கான சான்றிதழை ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கோடு போடும் நாள்

முதல் நாள் கரண்ட் வைக்க மாட்டார்கள். சி.டி. ஸ்கேன் மேசையில் படுக்கவைத்து, மண்ணீரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, வயிற்றில் மையால் கோடு போடுவார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். தறியில் குனிந்தே பழகிய முதுகு அப்பாவுக்கு. சமமான பலகையில் படுக்க முடியாமல் தவித்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு மெத்தைத் துண்டு வைத்ததும் அடங்கினார். வலித்தால் அப்போதே சொல்லச் சொல்லுங்கள். அன்று எப்படிப் படுத்தாரோ அப்படியேதான் ஒவ்வொரு முறையும் படுக்க வேண்டும்.

அப்பா இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தார். மண்ணீரல் அதையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்ததால் கழற்றச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து வெற்று இடுப்போடு இருந்ததில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெக்னீஷியன் பையன் நல்லவன். "ஐயா, வெள்ளியை மட்டும் கழற்றிவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், நான் ஓரமாக ஒதுக்கிக்கொள்கிறேன்" என்றான். அன்று மாலையே கோயில் வாசலில் கயிறு வாங்கிக் கட்டினேன். உங்கள் வீட்டிலும் இது வரும். முன்கூட்டியே கயிறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு ஊதா நிறத்தில், விலாவிலிருந்து தொப்புளுக்கு அப்பால் வரை, நாட்டு வரைபடம் போல இருந்தது. அதை அழியாமல் காப்பது உங்கள் பொறுப்பு. சோப்பு போடக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது. குளித்தால் அந்த இடத்தில் துண்டை ஒற்றி எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்களுக்குக் கோடு மூன்றாம் நாளே வியர்வையில் கரையத் தொடங்கியது. நான் பேனாவை எடுத்து மேலே ஒரு முறை இழுத்துவிட்டேன். அது தவறு. அரை விரல் நகர்ந்தாலும் கதிர் விழும் இடம் நகரும் என்று டாக்டர் அம்மா விளக்கினார். மங்கினால் மங்கட்டும், போனதும் அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் வரைவார்கள்.

கரண்ட் வைக்கும் நாள்

பஸ்ஸில் கடைசி இருக்கை வேண்டவே வேண்டாம். நடுவில், குலுக்கல் குறைந்த இருக்கையில், வயிற்றின் இடதுபக்கம் ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு உட்காரவையுங்கள். இருசக்கர வாகனத்தில் ஏற்றாதீர்கள். வீங்கிய மண்ணீரல் மெல்லிய தோல் போர்த்திய ரத்தப் பை மாதிரி. இடி பட்டால் கிழியலாம். சுளுக்கு எடுக்கிறேன், கட்டியைக் கரைக்கிறேன் என்று வயிற்றை யாராவது உருவ வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். எங்கள் பெரியத்தை விளக்கெண்ணெயோடு வந்தார். நான் முதன்முறையாக அவரிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

குமட்டலுக்கு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னால் போட்டுவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்தனை மணி நேரம் முன்பு சாப்பிடலாம் என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் அதையே கடைப்பிடியுங்கள்.

அறைக்குள் அவர் தனியாகத்தான் இருப்பார். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேசினால் கேட்கும். படுக்கவைத்துச் சரிபார்க்கத்தான் பத்து நிமிடம் ஆகும். கதிர் விழும் நேரம் மிகக் குறைவு. வலி கிடையாது, சூடும் கிடையாது. வெளியே வந்ததும் அப்பா கேட்டது, "இவ்வளவுதானா?"

இந்த வகைச் சிகிச்சையில் உடம்பில் கதிர் தங்காது. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிப் பெண் பக்கத்தில் உட்காரலாம். சளி, இருமல், அம்மை இருக்கும் குழந்தையைத்தான் விலக்கிவைக்க வேண்டும். அவரிடமிருந்து குழந்தைக்கு ஆபத்து இல்லை, குழந்தையிடமிருந்து அவருக்கு உண்டு.

ரத்தம் பார்க்காமல் மேசையில் ஏற்றாதீர்கள்

நோட்டுப் புத்தகம் இதற்காகத்தான். மண்ணீரல் வழியாக ரத்தம் முழுவதும் சுற்றிச் சுற்றிப் போகிறது. அதனால் கதிரை மண்ணீரலில் வைத்தாலும் உடம்பு முழுவதும் அணுக்களின் எண்ணிக்கை விழுகிறது. புற்று அணுக்கள் குறைய வேண்டும் என்றுதான் வைக்கிறோம். கூடவே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும், கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்களும் விழுந்தால் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று இரண்டும் வரும். இந்தச் சிகிச்சையில் தோலைவிட, வயிற்றைவிட, அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அளவைக் கால், அரை என்று துளித்துளியாகக் கொடுப்பதும் இதனால்தான்.

கணக்கு இன்னும் சிக்கலானது. சாதாரணமாகவே தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். அது மிகவும் வீங்கிவிட்டால் 90 சதவீதம் வரை உள்ளே முடங்கிக்கொள்ளும். ஆகவே மண்ணீரல் சுருங்கச் சுருங்க, சிலருக்குத் தட்டணு முதலில் விழுந்து பிறகு ஏறும். ஒரு எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

நான் போட்ட கட்டங்கள்: தேதி, எத்தனையாவது முறை, அன்றைய அளவு, இதுவரை மொத்தம், ஹீமோகுளோபின், வெள்ளையணு, நியூட்ரோஃபில், தட்டணு, எடை, காய்ச்சல், மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை விரல். கடைசிக் கட்டம் இட்லி. எத்தனை சாப்பிட்டார் என்று. முதல் பக்கத்தின் தலையில், தட்டணு எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். எங்களுக்கு 50,000 என்றார்கள். உங்களுக்கு வேறு எண்ணாக இருக்கலாம். ரத்தத்தை எப்போதும் ஒரே பரிசோதனைக்கூடத்தில் கொடுங்கள்.

ஐந்தாவது முறை, ஒரு வியாழக்கிழமை. ஐந்தரை மணி பஸ், ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தோம். ஒன்பதே முக்காலுக்கு அழைத்துவிட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மேசை அருகே நின்றார். கோப்பின் மேலே இருந்த அறிக்கையில் தட்டணு 74,000 என்று இருந்தது. எனக்கு அந்த எண் பழகிய எண்ணாகப் பட்டது. நோட்டைப் புரட்டினேன். திங்கட்கிழமை வரியிலும் 74,000. "தம்பி, இது திங்கட்கிழமை ரிப்போர்ட்" என்றேன். அவன் தேதியைப் பார்த்தான், முகம் மாறியது, ஆய்வகத்துக்குப் போன் செய்தான். அன்றைய எண் 41,000.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார், "என்ன தாயி, இவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்பவா?" அவருக்குக் கோபம். பஸ் செலவு, என் அரை நாள் சம்பளம், அவர் பசி. ஆனால் சும்மா திரும்பும் நாளும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். இதை நோயாளிக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்: பாதி நாட்கள் வைக்காமல் அனுப்பக்கூடும், அதற்கு நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பத்து நாள் விட்டுப் போனோம். 63,000. அன்று வைத்தார்கள்.

வீட்டில்

வெள்ளையணு வேகமாக உடையும்போது யூரிக் அமிலம் ஏறும். அதற்கு அல்லோபியூரினால் மாத்திரை கொடுப்பார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். இதயம் பலவீனமானவர் எவ்வளவு குடிக்கலாம் என்று அளவு கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் இளநீர் கொடுக்கலாமே என்று தோன்றும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அணுக்கள் உடையும் இந்த நாட்களில் ரத்தத்தில் பொட்டாசியம் தானாகவே ஏறக்கூடும். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தட்டணு குறைவு என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து பப்பாளி இலைச் சாறு வரும். அன்பாகத்தான் கொண்டுவருவார்கள். டெங்கு வேறு, இது வேறு. மருத்துவருக்குத் தெரியாமல் எந்தச் சாறும் கஷாயமும் வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் போடுவதற்கு முன் காய்ச்சல் எவ்வளவு என்று பாருங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். 100.4 டிகிரி தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவே கிளம்புங்கள். பல் ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுத்த மலம் இவற்றுக்கும் அப்படித்தான். இடது வயிற்றில் திடீரென்று குத்தும் வலி, கூடவே இடது தோளிலும் வலி, வியர்த்து மயக்கம் என்றால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள்.

சாப்பாட்டைச் சிறு சிறு பங்காக ஆறு வேளை கொடுங்கள். வேகவைக்காத காய்கறி, வெளியே நறுக்கி விற்கும் பழம், முதல் நாள் மிச்சம் தவிர்த்து, சூடாக, புதிதாக. தயிர் சேர்க்கலாமா என்பதை நியூட்ரோஃபில் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

பலன் எப்போது தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்களுக்கு வலி மூன்றாவது முறைக்குப் பிறகே தணிந்தது. வீக்கம் இறங்கியதை எனக்குக் காட்டியது வேட்டி. தொப்புளுக்குக் கீழே தொங்கலாகக் கட்டிக்கொண்டிருந்தவர் ஐந்தாவது வாரம் ஒரு காலையில் பழைய இடத்தில் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அன்று இட்லிக் கட்டத்தில் 4 என்று எழுதினேன். மண்ணீரல் சுருங்கினால் கோடும் மாற வேண்டும். பழைய கோட்டிலேயே வைத்தால் குடலுக்கும் சேர்த்து விழும். "மண்ணீரல் எவ்வளவு இருக்கிறது என்று மறுபடி பார்த்தீர்களா?" என்று நினைவுபடுத்துங்கள். அப்பாவுக்கு விலாவுக்குக் கீழே ஒன்பது விரலாக இருந்தது மூன்று விரலானது.

பத்து முறை திட்டமிட்டதை ஏழோடு நிறுத்திவிட்டார்கள். இனி வைத்தால் தட்டணு தாங்காது, கிடைத்த பலனே போதும் என்றார் டாக்டர் அம்மா. பாதியில் விட்டுவிட்டார்களே என்று நான் கலங்கினேன். மண்ணீரல் விஷயத்தில் எண்ணிக்கையை முடிப்பது குறிக்கோள் அல்ல என்று அவர் பொறுமையாகச் சொன்னார். முடிந்த பிறகும் அணுக்கள் விழக்கூடும். வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனையை ஒரு மாதமாவது தொடருங்கள்.

கடைசி நாளில் ஒன்றைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்: எந்த இடத்தில், எத்தனை முறை, மொத்தம் எத்தனை கிரே என்று எழுதிய சுருக்கம். எட்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மறுபடி வீங்கியது. இந்த முறை வேறு மருத்துவமனை. புது டாக்டர் வயிற்றில் கையை வைத்தபடியே கேட்ட முதல் கேள்வி, "முன்பு எவ்வளவு கொடுத்தார்கள், அப்போது தட்டணு எப்படி விழுந்தது?" சுருக்கத் தாளையும், மஞ்சள் அட்டை போட்ட நோட்டையும் மேசையில் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.